தோணித்துறைச் சங்கு

கருவேலம்பாடு அணையின் முகப்பில் பதித்த கருங்கல்லில் திறந்துவைத்தவரின் பெயர் இருக்கிறது, தலைமை வகித்தவரின் பெயர் இருக்கிறது, முன்னிலை வகித்த ஏழு பேரின் பெயர்கள் பட்டங்களோடு இருக்கின்றன, ஒப்பந்த நிறுவனம் இருக்கிறது, கல்லைச் செதுக்கியவன்கூட அடியோரத்தில் தன் கைபேசி எண்ணைப் பொடி எழுத்தில் வெட்டிக்கொண்டு போயிருக்கிறான். மதகுகளை இயக்கும் கணினிப் பெட்டிக்குள் கையை விட்டு அதைப் பேசவைத்த பெண்ணின் பெயர் கல்லிலும் இல்லை, பணிநிறைவு அறிக்கையிலும் இல்லை. அவள் பெயர் சொர்ணகலா. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, புரட்டாசி மாதத்து வியாழக்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு, அதே பெட்டியின் முன்னால், அதே கண்காணிப்பு அறையில், இடது மணிக்கட்டில் கட்டிய பட்டையோடும் அந்தப் பட்டையிலிருந்து இரும்பு அலமாரியின் தரைக்கம்பிக்குப் போகும் சுருள் வயரோடும் அவள் நின்றிருந்தாள். உடம்பில் தேங்கும் மின்சாரம் சில்லுகளைக் கொன்றுவிடாமல் இருக்கக் கட்டிக்கொள்வது அது. கட்டிக்கொண்டபின் இரண்டு முழத்துக்குமேல் நகர முடியாது. கதவு வெளியே தாழிட்டிருந்தது. குரங்குகளுக்காக. மேம்பாலத்துக் குரங்குகள் கைப்பிடியைத் திருகக் கற்றுக்கொண்டு இரண்டு முறை உள்ளே வந்து வயர்களை உருவிப் போட்டிருக்கின்றன. அதனால் உள்ளே ஆள் இருந்தாலும் வெளியே தாழ் போடுவது இந்த அணையின் வழக்கம். அரை மணிக்கு ஒருமுறை வந்து திறந்து பார்ப்பேன், அவசரமென்றால் ஸ்பேனரால் மூன்று தட்டுத் தட்டுங்கள் என்று சொல்லித்தான் ஆவுடையப்பன் பூட்டினார். மதகு இயக்குநர், ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கிறது, நல்ல மனிதர், பூட்டும்போது மன்னிப்புக் கேட்பதுபோல் சிரித்தார். குரங்குக்குப் பயந்து மனுசியைப் பூட்டும் ஒரே அலுவலகம் உங்களுடையதுதான் என்று அவளும் சிரித்துத்தான் சொன்னாள். அதெல்லாம் இருபது நிமிடத்துக்கு முன்னால். அப்போது அவள் கவலைப்பட்டது வெக்கையைப் பற்றி மட்டும்.

வேலை சிறியது. சித்திரையில் விழுந்த இடியில் சீரியல் போர்டு பழுதாகி, நீர்மட்டக் கருவியிலிருந்து கணினிக்குத் தகவல் வருவது நின்றுபோயிற்று. போர்டு என்பது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பச்சைத் தகடு. கணினி வெளியுலகத்தோடு பேச அதில் நான்கு வாயில்கள்: ஒன்றாவது நீர்மட்டத்துக்கு, இரண்டாவது மதகு மோட்டார்களுக்கு, மூன்றாவது நான்கு கிலோமீட்டர் கீழே தோணித்துறை ஊரின் எச்சரிக்கைச் சங்குக்கு, நான்காவது சும்மா. பழைய தகட்டைக் கழற்றிப் புதியதைச் செருக வேண்டும், செருகுமுன் அதிலுள்ள சிறு முட்களின்மேல் கறுப்புத் தொப்பிகளைச் சரியான இடத்தில் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். தொப்பி என்றால் அரிசிமணி பருமன், இரண்டு முட்களைச் சேர்த்துப் பிடிப்பது. எந்த முகவரியில் போர்டு கணினிக்குப் பதில் சொல்லும், எந்த எண்ணில் அது கையைத் தூக்கிக் கணினியைக் கூப்பிடும் என்பதையெல்லாம் இந்தத் தொப்பிகள்தாம் தீர்மானிக்கின்றன. இரண்டு தகடுகள் ஒரே எண்ணில் கையைத் தூக்கினால் கணினி இரண்டையும் கேட்காது, அவள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் திங்கட்கிழமைக் கூட்டம்போல. பணிச்சீட்டில் அவளுடைய மேலாளர் ஜெயசீலன் சார் ஒரே வரி எழுதியிருந்தார்: பழைய போர்டைப் பார்த்து அப்படியே. இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், கையேட்டைத் திறப்பவனைப் புதிதாக வந்தவன் என்று சிரிப்பார்கள். இரண்டு தகடுகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், இடதுகண் பழையதில், வலதுகண் புதியதில், தொப்பி தொப்பியாகப் படியெடுக்க வேண்டும். அவள் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தவள், அறுபத்திரண்டு பேரில் நான்கு பெண்கள், நான்கில் வேலையில் இன்னும் நிலைத்திருப்பவள் அவள் ஒருத்தி, பதினாறு ஆண்டுப் படிப்பும் அனுபவமும் கடைசியில் தொப்பி மாட்டும் காப்பி வேலையாக வந்து நிற்கிறதே என்று ஒரு சிரிப்பும் வந்தது. முகவரித் தொப்பிகள் ஆறு, முடிந்தது. எண்ணுக்கு ஒன்று, முடிந்தது. முதல் வாயிலுக்கு ஒன்று, இடப்பக்கம். இரண்டாவதற்கு ஒன்று, இடப்பக்கம். மூன்றாவதற்கு ஒன்று, வலப்பக்கம். நான்காவதற்கு.

நான்காவதற்குப் போகவில்லை. கை மட்டும் கொஞ்ச தூரம் போயிற்று, பிறகு இடுக்கியோடு அங்கேயே நின்றது. வலப்பக்கம் என்று கண் பார்த்தது, வலப்பக்கம் என்று கை மாட்டிவிட்டது, இரண்டுக்கும் நடுவே அவள் இல்லை. இப்போதுதான் வந்தாள். வாயில் ஒவ்வொன்றுக்கும் மூன்று முட்கள். தொப்பி இடப்பக்கத்து இரண்டைப் பிடித்தால் கணினி சொல்லும் சொல் வயர் வழியே வெளியே போகும். வலப்பக்கத்து இரண்டைப் பிடித்தால் சொல் வெளியே போகாது, தகட்டுக்குள்ளேயே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கணினிக்கே திரும்பும். போர்டு நன்றாக இருக்கிறதா என்று சோதிப்பதற்காக வைத்த வசதி அது. சோதித்தபின் தொப்பியை இடப்பக்கம் மாற்றிவிட வேண்டும். மாற்றவில்லை. யார் மாற்றவில்லை என்று மனம் ஒரு பார்வையாளரைப்போல மிக மரியாதையாகக் கேட்டது. தொப்பியின் தலையில் ஒரு துளி சிவப்பு. அவளுடைய நகப்பூச்சு. அந்தக் காலத்தில் தற்காலிகமாக மாட்டிய தொப்பிகளின்மேல் அவள் நகப்பூச்சில் ஒரு புள்ளி வைப்பாள், திரும்ப வந்து கழற்றும்போது கண்ணில் படுவதற்காக. ஆண்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும், நகப்பூச்சு எண்ணெயில் கரையாது, வெக்கையில் உரியாது. உரியவில்லை. நான்கு வருடம், அந்தப் புள்ளி அவளுக்காகக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறது, ஒழுங்காக, பளபளப்பாக. கைக்கடிகாரம் பதினொன்று முப்பத்தைந்து. மின்தடை அனுமதி ஒரு மணி வரை. இரண்டு மணிக்கு உதவிச் செயற்பொறியாளர் வந்து மழைக்கு முந்திய சோதனையைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். கழுத்துக்குப் பின்னால் ஒரு வியர்வைத் துளி இறங்கியது, அது முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவிலும் நின்று நின்று இறங்குவதை அவள் எண்ணினாள், ஏழு வரை எண்ணினாள்.

அன்றைக்குத் திறப்பு விழாவுக்கு முதல்நாள். பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒலிபெருக்கிக்காரன் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். திரையில் எல்லாம் பச்சை, ஒன்று மட்டும் சிவப்பு: தோணித்துறைச் சங்கு. சிவப்பாகத்தானே இருக்கும், தோணித்துறையில் கோபுரமே இல்லை, குழிதான் தோண்டியிருந்தார்கள், ரேடியோ கருவி பொருத்தும் வேலை வேறொரு நிறுவனத்துக்கு, அவர்கள் வரவே இரண்டு மாதம் ஆகும். அமைச்சர் பார்க்கும் திரையில் சிவப்பு இருக்கக் கூடாதம்மா என்றார் ஜெயசீலன் சார். அவர் வழி கேட்டார், அவ்வளவுதான், அவர் சொல்லித்தரவில்லை, வழி அவளுடையது. இதை மாற்றிச் சொல்லிக்கொள்ளாதே. உன்னுடையது. கருவிகளுக்குள் ஒரு மரபு உண்டு: கணினி ஒரு கட்டளை இட்டால், கட்டளையை ஏற்ற கருவி அதே சொற்களை ஓர் எழுத்தும் பிசகாமல் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்படிச் சொல்வதுதான் ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். சங்கை ஊது என்றால், சங்கை ஊது என்று திரும்பி வரும். அப்படியானால் தொப்பியை வலப்பக்கம் மாட்டிவிட்டால் போதும், கணினி தான் சொன்னதைத் தானே கேட்கும், கேட்டுவிட்டு ஏற்கப்பட்டது என்று பச்சை காட்டும். மற்ற வாயில்களில் இது நடக்காது, அவை விவரம் கேட்டுப் பதில் வாங்குபவை, எதிரொலி வந்தால் பிழை என்று கண்டுபிடித்துவிடும். கட்டளை மட்டும் இடும் வாயில் ஒன்றுதான் ஏமாறும். இது அவள் மூளைக்கு அரை நிமிடத்தில் எட்டியது, அறையிலிருந்த நான்கு ஆண்களுக்கும் எட்டவில்லை, அந்த அரை நிமிடத்தின் மகிழ்ச்சி இப்போதும் நாக்கில் இருக்கிறது, வெட்கமில்லாமல், இனிப்பாக. மறுநாள் அமைச்சர் பொத்தானை அமுக்கினார், பச்சை வந்தது, கைதட்டினார்கள். விழா முடிந்த மாலையே அவளை ஒரு நூற்பாலை வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். சங்கு இணைப்பு வரும்போது தொப்பியை மாற்ற வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஜெயசீலன் சாரிடம் கொடுத்தாள். கொடுத்தாளா? எழுதினாள், அது உறுதி. கொடுத்ததாக நினைக்கும்போது அவர் கை நீண்டு வாங்குவது தெரிகிறது, ஆனால் அந்தக் கையில் மோதிரம் இல்லை, அவர் மோதிரம் போடாத நாளே கிடையாது. ஆக, கொடுத்த காட்சி பிறகு அவளே செய்துகொண்டது. மனம் தன் சொல்லைத் தானே கேட்டுக்கொண்டு ஏற்கப்பட்டது என்று பச்சை காட்டியிருக்கிறது.

பிறகு கோபுரம் எழுந்தது, ரேடியோ பொருத்துபவர்கள் வந்தார்கள், கோபுரத்தடியில் இருக்கும் பொத்தானை அமுக்கிப் பார்த்தார்கள், சங்கு ஊதிற்று, அணைக்கு வந்து திரையைப் பார்த்தார்கள், பச்சை இருந்தது, போய்விட்டார்கள். மாதத்தின் முதல் தேதி பத்து மணிக்குத் தோணித்துறையில் கோபுரக் காவலாள் பொத்தானை அமுக்குவாள், ஊர் கேட்கும். அணையில் ஆண்டுக்கொரு முறை மழைக்கு முன் திரையில் சோதனைக் கட்டளை தட்டுவார்கள், பச்சை வரும். நிஜமாக ஊதும் கட்டளையைச் சும்மா கொடுக்க மாட்டார்கள், ஊர் பயந்து ஓடும், வீண் பழி வரும். இரண்டு பாதியும் நன்றாக வேலை செய்தன. இரண்டையும் சேர்த்து ஒருமுறையும் யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் மூன்று ஆண்டு மழை பொய்த்தது, ஆற்றுக்குத் தண்ணீர் திறக்கவே இல்லை. போன கார்த்திகையில் திறந்தார்கள். காலை ஐந்து நாற்பது. இன்று காலையில் தேநீர்க் கடையில் ஆவுடையப்பன் அவளிடம் சொன்னது இதைத்தான், அவள் கேட்காமலே, பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டே சொன்னார். விழுப்புரம் பக்கத்திலிருந்து வாத்து மேய்க்க வந்த ஏகாம்பரம் என்பவர் ஆற்றுக்குள் மணல்திட்டில் கிடை போட்டிருந்தார். வெளியூர்க்காரர், ஆற்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார். கோபுரக் காவலாள் பேச்சித்தாய் சொல்லியிருக்கிறாள்: அண்ணாச்சி, தண்ணி வருமுன்னாடி சங்கு ஊதும், அப்புறம் ஏறினாப் போதும், அரை மணி நேரம் இருக்கும். சங்கு ஊதவில்லை. அறுநூறு வாத்துகளும் மிதந்து போய்க் கீழே கரையேறிவிட்டன, வாத்துகளுக்கு என்ன, அவருக்குத்தான் முடியவில்லை. கணினியின் பதிவேட்டில் தெளிவாக இருந்தது: ஐந்து நாற்பது, தோணித்துறைச் சங்கு, கட்டளை ஏற்கப்பட்டது. கட்டளையை ஏற்ற சங்கு ஊதவில்லை என்றால் காவலாள் இணைப்பைப் பிடுங்கியிருக்க வேண்டும். மகளின் கைக்குழந்தை கோபுரத்தை ஒட்டிய அவள் வீட்டில் இருந்தது, குழந்தை தூங்கட்டும் என்று சங்கை அணைத்துவைத்திருப்பாள் என்று விசாரணையில் எழுதினார்கள். நான் அணைக்கலை ஐயா, அது ஊதலை என்று அவள் ஒன்பது முறை சொன்னாளாம், எழுதுபவர் ஒருமுறைகூட எழுதவில்லை. ஏகாம்பரத்தின் மனைவி வந்துசேரும்வரை பதினொரு நாள் அந்த வாத்துகளை அடைத்துத் தவிடு போட்டவள் பேச்சித்தாய்தான், ஒரு முட்டையை எடுக்கவில்லை. இப்போது பீடி சுற்றுகிறாள், தனியாக. மற்றப் பெண்கள் அவளோடு உட்காருவதில்லை. முதல் தேதி பத்து மணிக்குக் கோபுரத்தடியில் வந்து நிற்பாளாம், புது ஆள் பொத்தானை அமுக்குவான், ஊதும், கேட்டுவிட்டுப் போய்விடுவாள். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு சொர்ணகலா என்ன செய்தாள்? உச்சுக் கொட்டினாள். அது இன்றைக்கு. போன கார்த்திகையில் செய்தித்தாளில் நாலு வரி படித்தபோது அலுவலகத்தில் உரக்கவே சொன்னாளே, ஒரு சுவிட்சைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவர்களிடம் நாம் கணினியைக் கொடுக்கிறோம் என்று. எல்லாரும் தலையாட்டினார்கள். அவள் நாக்கு கூர்மையானது என்று பெயர். கூர்மையை யாரிடம் வைத்துக்கொண்டாய்? பீடி சுற்றும் ஒருத்தியிடம்.

தொப்பியை எடுத்து இடப்பக்கம் மாட்டு. அவ்வளவுதான். இடுக்கியை நீட்டினாள், பிடி வழுக்கிப் புதிய தகட்டின் தொப்பி தெறித்துப் பெட்டிக்குள் எங்கோ விழுந்தது. குனிந்தாள், மணிக்கட்டுப் பட்டை இழுத்தது, நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். பெட்டிக்குள் தூசியும் செத்த பல்லி ஒன்றும் வயர்களும். தொப்பியைக் கண்டுபிடிக்காமல் மின்சாரம் கொடுத்தால் அது எந்த இரண்டு முட்களின் நடுவிலாவது கிடந்து எதையாவது எரிக்கும். சரி, கண்டுபிடி. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தேடும்போது மனம் மறுபடி அதே இடத்துக்கு வந்தது, செக்குமாடு வேறெங்கும் போகாது. புதிய போர்டில் இடப்பக்கம் மாட்டினால் இனிமேல் சங்கு ஊதும். இனிமேல் யாரும் சாகமாட்டார்கள். பழைய போர்டு அவள் பைக்குள் போகும், பையிலிருந்து கழிவுக்கு. அவள் பெயர் எதிலும் இல்லை. பணிநிறைவு அறிக்கையில் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லி ஜெயசீலன் சாரிடம் எத்தனை முறை போய் நின்றாள், பொருத்தியவர் என்று ஒரு கட்டம் போடுங்கள் சார் என்று, அவர் படிவத்தில் அப்படிக் கட்டமே கிடையாதம்மா என்று சிரித்தாரே, அன்று வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாளே, அந்த இல்லாத கட்டம் இன்றைக்கு ஒரு கூரை. அதன் கீழே நின்றுகொள்ளலாம், நனையாது. நான்கு வருட ஆத்திரம் ஒரு நொடியில் சௌகரியமாக மாறிவிட்டதை அவள் பார்த்தாள். வேறு வழி? இடி. பழைய போர்டு இடியில் பழுது, மூன்றாவது வாயிலும் பழுது, அதனால்தான் சங்கு ஊதவில்லை, காவலாள்மேல் தவறில்லை என்று எழுதலாம். பேச்சித்தாயும் தப்புவாள், நீயும் தப்புவாய். நல்ல வழி. ஆனால் இடி விழுந்தது சித்திரையில், ஏகாம்பரம் போனது கார்த்திகையில். இடி பின்னோக்கி விழாது. தொப்பி கிடைத்தது, மின்விசிறியின் கம்பிவலையில் சிக்கி இருந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஸ்பேனரால் கதவில் மூன்று தட்டினாள். பதில் இல்லை. மறுபடி மூன்று. பட்டையோடு வந்தது அப்போதுதான் தெரிந்தது, வயர் முழு நீளத்துக்கு விறைத்து நின்றது, கை கதவுக்கு, உடம்பு பாதி அலமாரிக்கு. காற்று இல்லை. இந்த அறையில் காற்று இல்லை என்று இத்தனை நேரம் ஏன் தெரியவில்லை. மூன்று, மறுபடி மூன்று, பிறகு எண்ணாமல்.

தாழ் திறந்தது. ஆவுடையப்பன் கையில் மோர்ச் சொம்போடு நின்றார். "என்ன மேடம், கொரங்கு உள்ள வந்துட்டோன்னு பயந்துட்டேன்" என்றார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திச் சொம்பை நீட்டினார். அவள் குடித்தாள். படிக்கட்டின் மூன்றாம் படியில்தான் கைபேசியில் பேச்சு தெளிவாகக் கேட்கும். அங்கே உட்கார்ந்து ஜெயசீலன் சாரைக் கூப்பிட்டாள். நடந்ததை ஒரு கோட்பாட்டை விளக்குவதுபோல வரிசையாகச் சொன்னாள், தொப்பி, எதிரொலி, பதிவேடு, பேச்சித்தாய். அவர் கெட்டவர் இல்லை. அவளுடைய அப்பாவின் அறுவைச் சிகிச்சைக்கு இரத்தம் கொடுத்தவர். அதனால்தான் அவர் சொன்னதை அவள் முழுவதும் கேட்டாள்.

"சொர்ணகலா, நீ நல்லா யோசிச்சுப் பாரு. அந்த ரிப்போர்ட்ல உன் பேரே கிடையாதேம்மா. உன்னை யாரு கேக்கப் போறா?"

"அதத்தான் சார் நாலு வருஷமா நானும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"என் கையெழுத்து இருக்கு. ஒனக்கு அது தெரியும்."

தெரியும் என்றாள். புதுசை ஒழுங்காக மாட்டு, பழையதைக் கொண்டுவா, வந்து பேசிக்கொள்வோம் என்றார். கடைசியாக, குரலைத் தாழ்த்தி, அந்தப் பொம்பளைக்கு வேறு ஏதாவது வழியில் உதவி செய்யலாம் என்றார். வேறு வழியில். பேச்சித்தாய்க்கு வேண்டியது உதவியா? ஒன்பது முறை சொன்ன ஒரு வாக்கியத்தை யாராவது எழுதிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதானே.

அறைக்குள் திரும்பி வந்தாள். கதவைத் தாழிட வேண்டாம், குரங்கு வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். ஆவுடையப்பன் தயங்கிவிட்டு வாசலிலேயே குந்திக்கொண்டார். புதிய தகட்டின் மூன்றாவது வாயிலில் தொப்பியை இடப்பக்கம் மாட்டினாள். நான்காவதற்கும் மாட்டினாள். செருகினாள், நான்கு மூலைத் திருகுகளையும் முடுக்கினாள், பட்டையைக் கழற்றினாள், மின்சாரம் கொடுத்தாள். கணினி விழித்து ஒவ்வொரு வாயிலாக விசாரித்தது. நீர்மட்டம் வந்தது, மதகுகள் வந்தன. பதிவேட்டைத் திறந்து கார்த்திகைக்குப் போனாள். ஐந்து நாற்பது, பன்னிரண்டாம் விநாடி: கட்டளை. ஐந்து நாற்பது, அதே பன்னிரண்டாம் விநாடி: ஏற்கப்பட்டது. நான்கு கிலோமீட்டர் தாண்டிப் போய் ரேடியோவில் ஏறி இறங்கி வரவேண்டிய சொல், புறப்பட்ட விநாடியிலேயே வந்துசேர்ந்திருக்கிறது. எல்லாரும் பார்த்த வரி, விசாரணைக் கோப்பில் நகல் வைத்த வரி. அதைப் படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான், அவளை யாரும் அழைக்கவில்லை, அழைத்திருந்தால் மட்டும் அவள் படித்திருப்பாளா என்ற கேள்வியை மனம் எடுத்து வைத்தது, அவள் அதைத் தள்ளவில்லை, அப்படியே இருக்கட்டும் என்று பக்கத்தில் வைத்துக்கொண்டாள். இன்று தண்ணீர் திறக்கும் உத்தேசம் இருக்கிறதா என்று ஆவுடையப்பனிடம் கேட்டாள். இல்லை என்றார். திரையில் சோதனை என்ற பொத்தான் இருந்தது, அதன் கீழே ஊது என்ற பொத்தான். விரல் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் நின்றது. இங்கே நின்றுவிட்டால் இன்னும் வீட்டுக்குப் போகலாம், அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கலாம், திங்கட்கிழமைக் கூட்டத்தில் கையைத் தூக்கலாம். அமுக்கினாள். பச்சை வரவில்லை. ஒரு விநாடி. இன்னும் வரவில்லை. இணைப்பு வேறெங்கோ அறுந்திருக்கிறதோ, அப்படி இருந்தால் நல்லதோ என்று நினைத்த அந்த அற்ப நினைப்பு முடிவதற்குள் பச்சை வந்தது, இரண்டு விநாடி தாமதமாக. நான்கு ஆண்டில் முதல்முறையாக அது யாரோ சொல்லி வந்த பச்சை. ஒலி நான்கு கிலோமீட்டர் நடந்து வரப் பன்னிரண்டு விநாடி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், திறந்த கதவின் வழியே, வெயிலுக்குள்ளிருந்து, மிகவும் மெலிந்து அது வந்தபோது மயிர் கூச்செறிந்தது.

ஆவுடையப்பன் எழுந்துவிட்டார். "இது தோணித்துறைச் சங்குல்லா. யாரு அமுக்குனது?"

"நான்தான் அண்ணாச்சி."

அவருடைய கைபேசி அதற்குள் அடித்தது. படிக்கு ஓடினார். ஊர் கத்துவது இங்கே கேட்டது: தண்ணீர் திறக்கிறீர்களா, பிள்ளைகள் ஆற்றில் கிடக்கின்றன, முன்கூட்டிச் சொல்லமாட்டீர்களா. சோதனைதான், ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு வந்தவர் திரையைப் பார்த்தார், மேசையில் கிடந்த பழைய தகட்டைப் பார்த்தார், அதில் சிவப்புப் புள்ளி வைத்த தொப்பியை அவள் விரலால் காட்டியதைப் பார்த்தார். வேறு அணைகளையும் சேர்த்து முப்பது வருடம் மதகு இயக்கிய மனிதருக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்போ இங்கன அமுக்கி அங்கன ஊதுனது இன்னைக்குத்தானா" என்றார். பிறகு, தன்னிடமே சொல்வதுபோல, "நானும் அவளத் திட்டுனேன் மேடம். சோறு திங்கிற வாயாலதான் திட்டுனேன்" என்றார்.

இரண்டு மணிக்கு உதவிச் செயற்பொறியாளர் வந்தார். படிவத்தை நீட்டினார். குறிப்புகள் என்ற தலைப்பின் கீழ் மூன்று கோடுகள்தான் இருந்தன, அவள் தாளின் பின்பக்கத்தையும் நிரப்பினாள். பழைய போர்டைத் தொப்பியோடு உறையிலிட்டு ஒட்டி, உறையின்மேல் தேதி எழுதினாள். பொருத்தியவர் என்று கட்டம் இல்லாததால் ஓரத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் வரைந்தாள். அதற்குள் தன் பெயரைத் தலைப்பெழுத்தோடு, தெளிவாக, இரண்டு தேதிகளோடு எழுதினாள்: இன்றைய தேதி, நான்கு ஆண்டுக்கு முந்திய தேதி.

பதினெட்டாம் நாள் நிறுவனம் அவளை வேலையிலிருந்து நீக்கியது; அந்தத் தொப்பியை அனுமதியில்லாமல் அவளாகவே வலப்பக்கம் மாட்டினாள் என்று விளக்கம் கொடுத்தது, அதில் ஜெயசீலனும் கையெழுத்திட்டார். பேச்சித்தாய்மேல் எழுதிய குற்றச்சாட்டு ஏழு மாதம் கழித்து நீக்கப்பட்டது, வேலை திரும்பக் கிடைக்கவில்லை, அதில் வேறொருவர் அமர்ந்துவிட்டார். சொர்ணகலா ஒருமுறை தோணித்துறைக்குப் போனாள். பேச்சித்தாய் பீடித்தட்டை விட்டு எழவில்லை, கதவையும் சாத்தவில்லை, "நீங்கதானா" என்று மட்டும் கேட்டாள். ஏகாம்பரத்தின் மரணம் தொடர்பான வழக்கில் சொர்ணகலாவின் பெயர் முதல் எதிரி என்ற இடத்தில் இருக்கிறது. வழக்கு நடக்கிறது. அவள் வள்ளியூரில் இன்வெர்ட்டர் பழுதுபார்க்கும் கடையொன்றில் வேலை செய்கிறாள், வாய்தா நாட்களில் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பெயரைக் கூப்பிட்டதும் கையைத் தூக்குகிறாள்.